பாதி ரோடு

இசக்கியம்மையின் இடுப்பிலிருந்த பிள்ளையைக் கொன்றவன் நான்தான். மண் பிள்ளைதான்; சிவப்பும் மஞ்சளும் பூசி, முகத்தில் பாதியைக் கண்ணாகவே வைத்துக் குயவர் செய்த பிள்ளை. ஆனாலும் மேலகரம் தாண்டி மருதமரத்தடியில் என் பஸ் ஏறி நின்றபோது சனம் போட்ட கூப்பாட்டைக் கேட்டிருக்க வேண்டும். நிஜப் பிள்ளையைக் கொன்றவனுக்குக்கூட அவ்வளவு வசவு விழுந்திருக்காது. பீடம் சரிந்து, அம்மனுக்கு ஒரு கை முழங்கையோடு போய், பிள்ளை முன்சக்கரத்தின் அடியில் செம்மண் பொடியாகக் கிடந்தது.

பொடிக்குப் பக்கத்தில் கைலாசமும் கிடந்தார். அந்த இசக்கிக்குத் தினமும் விளக்கேற்றிப் பூசை வைக்கிறவர். அவருடைய இடது பாதம் சக்கரத்துக்கும் பீடத்துக் கல்லுக்கும் நடுவில் இருந்தது. அவரைத் தூக்க உடனே யாரும் வரவில்லை. எல்லாரும் அம்மனைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். நானும் என் கண்டக்டர் பிச்சுமணியும்தான் கல்லைப் புரட்டினோம்.

அது ஐம்பத்தொன்பதாம் வருஷம், ஆனி மாதம். சாரல் தொடங்கி, குற்றாலத்துக்குக் கூட்டம் குவிய ஆரம்பித்திருந்தது. தென்காசியிலிருந்து குற்றாலம் வழியாக ஐந்தருவிக்குப் போகிற தனியார் பஸ்ஸுக்கு நான் டிரைவர். பெயர் சிவனணைந்தபெருமாள். லைசென்ஸ் எழுதிய குமாஸ்தா நடுவில் பேனாவை உதறிவிட்டு, "பெருமாள்னு போட்டாப் போதும்லா?" என்று கேட்டார். போதும் என்றேன். பாதியோடு திருப்திப்படுகிற பழக்கம் எனக்கு அங்கேயே தொடங்கிவிட்டது.

அன்றைக்கு நடந்தது இதுதான். சாயங்கால டிரிப். மேலகரம் தாண்டினால் சாலையின் இரண்டு பக்கமும் மரம். மேகம் விலகி, மலைக்கு மேலே சரிந்து நின்ற வெயில், ஒரு மரத்துக்கும் அடுத்த மரத்துக்கும் நடுவில் விட்டு விட்டு என் முகத்தில் அடித்தது. வெயில், நிழல், வெயில், நிழல். யாரோ சீட்டுக்கட்டை என் கண்ணுக்கு முன்னால் விசிறுகிற மாதிரி. கொஞ்ச நேரத்தில் கண்ணுக்குள் ஒரு பொட்டு வந்தது. சூரியனை நேராகப் பார்த்துவிட்டுத் திரும்பினால் நிற்குமே, அந்தப் பொட்டு. அது வளர்ந்தது. ரம்பப் பல் வைத்துக்கொண்டு, மினுமினுத்துக்கொண்டு அரிவாள்போல வளைந்தது. அதற்கு இடது பக்கம் ஒன்றும் இல்லை.

இருட்டு என்று நினைத்துவிடாதீர்கள். இருட்டாகியிருந்தால் நானே பயந்து நிறுத்தியிருப்பேன். உங்கள் முதுகுக்குப் பின்னால் இப்போது என்ன தெரிகிறதோ, அதுதான் எனக்கு இடது பக்கத்தில் தெரிந்தது. மீதி இருந்த ரோடு முழு ரோடு மாதிரியே இருந்தது. அந்த முழு ரோட்டை நம்பித்தான் நான் நிம்மதியாக ஓட்டிக்கொண்டு போனேன். பஸ் இடது ஓரம் ஒதுங்கி இசக்கியின் மேல் ஏறியது.

தலைவலி அப்போது வரவில்லை. அரைமணி கழித்து, போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது வந்தது. கண் தெளிந்துவிட்டது, வலது நெற்றிப்பொட்டில் யாரோ உளி வைத்து அடிக்கத் தொடங்கினார்கள். ஏட்டின் பூட்ஸ் சத்தம், சுவரில் அடித்த வெயில், பக்கத்தில் இருந்தவரின் தலையெண்ணெய் வாசம், எல்லாம் உளிக்குக் கைப்பிடி ஆயின. நான் எழுந்து போய் வாசலில் வாந்தி எடுத்தேன்.

வாசலில் கூடியிருந்த சனம் அதைப் பார்த்தது. "பாத்தியா! பிள்ளையப் பறிச்சவன ஆத்தா விடுவாளா? ஏறி உக்காந்துட்டா" என்றாள் ஒருத்தி.

ஊர் அன்றைக்கே முடிவு செய்துவிட்டது. இசக்கியை இடித்ததால் எனக்குத் தலைவலி. தலைக்குள் என்னமோ ஆனதால்தான் இசக்கியை இடித்தேன் என்று நான் சொல்லிப் பார்த்தேன். முன்னது பின்னதாகவும் பின்னது முன்னதாகவும் போனதைத் திருப்பிக் கட்ட என்னால் முடியவில்லை. எங்கள் அம்மாவுக்கும் மாதம் ஒருமுறை தலைவலி வரும். கதவைச் சாத்திக்கொண்டு, நெற்றியில் சுக்குப் பற்றோடு கிடப்பாள். அவள் எந்த இசக்கியையும் இடித்ததில்லை. அதையும் சொன்னேன். "அப்ப அது உங்க வம்சத்துக்கே உள்ள சாபம்" என்று இன்னும் கொஞ்சம் பின்னால் போய்விட்டார்கள்.

முதலாளி நாறும்பூநாதன் ஸ்டேஷனுக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, தங்கப் பித்தான், நல்ல மனுஷர். வந்ததும், "பிரேக் பிடிக்கல. அப்படித்தான பெருமாளு?" என்றார்.

"பிரேக் நல்லாப் பிடிச்சுது முதலாளி. எனக்குத்தான் பாதி ரோடு தெரியல."

அவர் இன்ஸ்பெக்டரைப் பார்த்துச் சிரித்தார். "அடிபட்ட பதட்டத்துல பேசுதான். ஏலே, பிரேக் பிடிக்கலல்லா?"

பிரேக் பிடிக்கவில்லை என்றே எழுதப்பட்டது. மெக்கானிக் வந்து, நன்றாக இருந்த பிரேக்கைக் கழற்றி வேறு மாட்டினான்.

கைலாசத்துக்குக் கணுக்காலுக்கு மேலே வைத்து எடுத்துவிட்டார்கள். நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவர் மனைவி பேச்சித்தாய் கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். நான் வாங்கிப் போன பன்னை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். கடைசியில் திரும்பக் கொண்டுவந்து நானே தின்றேன். வெட்கங்கெட்ட வயிறு.

"கைலாசம், நான் வேணும்னு செய்யல வே. எனக்கு அந்த நேரத்துல…"

"விடும். நீரு என்ன செய்வீரு. ஆத்தா கேட்டா, எடுத்துக்கிட்டா." அவர் கண் மேலே ஓட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஆத்தாளா எடுத்தா? நான்லா ஏத்துனேன்!"

"ஒம்ம கையில ஒண்ணும் இல்ல வே. போயிட்டு வாரும்."

அங்கிருந்து வெளியே வரும்போது எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. கால் போனவனே மன்னித்துவிட்டான், இனி நீ யாரப்பா கேட்க, என்று என்னையே நான் அதட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

முதலாளி செலவில் புது இசக்கி வந்தாள். பழையவளைவிட ஒரு முழம் உயரம். இடுப்பில் நல்ல கொழுத்த பிள்ளை. ஆடி மாதம் கொடை கொடுத்தார்கள். மேளம், வில்லுப்பாட்டு, கிடா வெட்டு. கைலாசத்தை ஒரு நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். புதுப் பிள்ளையைப் பார்த்து ஊரே கண்ணைத் துடைத்துக்கொண்டது. நாற்காலியில் இருந்து தொங்கிய வேட்டியின் காலியான நுனியைப் பார்த்து யாரும் துடைத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. என் நெற்றியில் திருநீறு பூசி, கையில் மஞ்சள் கயிறு கட்டி, "இனி ஒண்ணும் வராது, வண்டிய எடு" என்றார் முதலாளி.

அன்றிலிருந்து அந்த மரத்தடியில் எல்லா வண்டியும் நின்று போகும். டிரைவர் எலுமிச்சம்பழம் வைப்பார். பிரயாணிகள் ஜன்னல் வழியாகக் காசு போடுவார்கள். கைலாசம் கம்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்து திருநீறு தருவார். பீடத்துக்குத் தகரக் கூரை வந்தது. அவர் வீட்டில் அடுப்பு எரிந்தது அந்தக் காசில்தான்.

எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு பதில். இது மறுபடியும் வருமா, வராதா? வரும் என்றால் நான் ஓட்டலாமா, கூடாதா? யாராவது ஒருவர், "ஏலே, நீ இனிமே ஸ்டியரிங்கைத் தொடாதே" என்று சொல்லிவிட்டால் அழுதுவிட்டு அடங்கிவிடுவேன். நானாக இறங்கிவிட எனக்குத் தைரியம் இல்லை. வீட்டில் மூன்று பெண்கள். எனக்குத் தெரிந்த தொழில் இரண்டு. ஒன்று வண்டி ஓட்டுவது, மற்றது சாப்பிடுவது. இரண்டாவதற்கு யாரும் சம்பளம் தருவதாகத் தெரியவில்லை.

என் மனைவி மங்களேஸ்வரியிடம் கேட்டேன்.

"பித்தம்" என்றாள். "காலையில வெறும் வயித்துல காப்பிய ஊத்திக்கிட்டுப் போனா பித்தம் ஏறாம என்ன செய்யும்? சனிக்கெழம எண்ண தேச்சிக் குளிக்கச் சொன்னா காதுல போட்டுக்குறது கெடையாது."

"ஏட்டி, நான் கேட்டது, ஓட்டலாமா கூடாதான்னு."

"எண்ண தேச்சிக் குளிச்சிட்டு ஓட்டுங்க."

குளித்தேன். எண்ணெய் வாசமே தலைவலியைக் கைபிடித்துக் கூட்டிவந்தது. பிறகு டிப்போவில் இருந்த சொரிமுத்து என்கிற டிரைவர் சொன்னான், "பைத்தியத்தையே கொண்டு வந்து அருவியில நிறுத்தித் தெளிய வைக்கான். ஒம்ம தலவலி எம்மாத்திரம்? பேரருவிக்கு அடியில போயி நில்லும் வே." குற்றாலத்துக்காரனுக்கு அருவியைவிட்டால் வேறு வைத்தியன் ஏது? வலி உச்சத்தில் இருந்த ஒரு மத்தியானம் போய் நின்றேன். இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையைக் கொடுத்தேன். நெல்லுக் குத்துகிற உலக்கைக்கு அடியில் தலையை வைத்த மாதிரி இருந்தது. கம்பியோடு சேர்ந்து சரிந்துவிட்டேன். எண்ணெய் தேய்த்துவிடுகிற இரண்டு பேர் என்னைக் கட்டையைப்போல இழுத்து வெளியே போட்டார்கள். "அண்ணாச்சிக்கு தெளிஞ்சிட்டா?" என்று ஒருவன் குனிந்து கேட்டான். பைத்தியம் என்றுதான் நினைத்திருக்கிறான். "பாதி தெளிஞ்சிருக்கு" என்றேன்.

டாக்டர் சிவசுப்பிரமணியன் படித்தவர். கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார். எழுத்துப் பலகையை வாசிக்கச் சொன்னார். கடைசி வரிவரை வாசித்தேன். வலி இல்லாத நாளில் எனக்குக் கழுகுக் கண்.

"கண்ணு நல்லா இருக்கு. இது ஒற்றைத் தலைவலி. மைக்ரேன்னு பேரு."

பேர் வைத்ததே பாதி குணமானதுபோல இருந்தது. "எதுனால டாக்டர் வருது?"

"வெயிலா இருக்கலாம். மரத்துக்கு நடுவுல வெளிச்சம் அடிச்சி அடிச்சி மறையுதுன்னீங்களே, அதுவா இருக்கலாம். பட்டினி கெடக்கது, தூக்கங்கெட்டது. சில பேருக்கு வாசன. அம்மாவுக்கு இருந்துச்சுன்னா அதுவாகவும் இருக்கலாம். மனசுல ஏதாவது கவல இருந்தாலும்…"

"கவலையே இதுதான டாக்டர்."

அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். இரண்டு பேரும் சிரித்து முடித்த பிறகு கேட்டேன். "ஓட்டலாமா?"

பேனாவை மூடி, திறந்து, மூடினார். முதலாளி வீட்டுக்கும் அவர்தான் டாக்டர். "கவனமா ஓட்டணும். வெயில்ல தொப்பி போட்டுக்கிடுங்க. நேரத்துக்குச் சாப்பிடுங்க."

"கண்ணு பாதி போயிருச்சுன்னா?"

"போகாமலும் இருக்கலாம்" என்றார்.

ஒரு சீமை மாத்திரை எழுதிக் கொடுத்தார். அது வலியைக் குறைத்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் வலி எனக்கு எதிரியே இல்லை. வலி வந்தால் ரோடு தெரியும். அதற்கு முந்தின அந்த அரைமணி நேரத்துக்குத்தான் மாத்திரை இல்லை.

அது மறுபடியும் வந்தது. புரட்டாசியில், ஐந்தருவிக்கு ஏறுகிற வளைவில், பஸ் நிறையச் சனத்தோடு. பொட்டு வந்தவுடனே கண்டுகொண்டேன். நிறுத்த இடமில்லை, வலது பக்கம் பாறை, இடது பக்கம் என்ன இருந்தது என்று கடவுளுக்குத் தெரியும். "லே பிச்சுமணி!" என்று கத்தினேன். என் குரலில் என்ன இருந்ததோ, டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தவன் சனத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் ஓடிவந்தான்.

"இடது பக்கம் எனக்கு இல்லலே. நீ சொல்லு."

அவன் ஏன் என்று கேட்கவில்லை. என் பக்கத்து எஞ்சின் மூடிமேல் ஏறி உட்கார்ந்து, மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தான். "ஒரு முழம் வலது வாங்க அண்ணாச்சி… போதும்… நேரா… ஒரு கெழவி சுள்ளி தூக்கிட்டு வாரா, நில்லுங்க… போயிட்டா, வாங்க." அப்படியே ஐந்தருவி போய்ச் சேர்ந்தோம். பிரயாணிகள் இறங்கும்போது ஒருவர், "டிரைவரும் கண்டக்டரும் நல்ல சிநேகிதம். பேசிக்கிட்டே வாராங்க" என்று சொல்லிக்கொண்டு போனார்.

பிச்சுமணி படியில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தான். நெருப்புக்குச்சி அணைந்து அணைந்து போனது.

"அண்ணாச்சி, என்னது இது?"

"டாக்டர் பேரு சொன்னாரு. மைக்ரேன்."

"பேரு எவனுக்கு வேணும். நான் படியில நிக்கிற நேரத்துல வந்திருந்தா?"

"ஹாரன் அடிக்கேன். ஓடி வந்துருலே" என்றேன்.

அதுவே எங்களுக்கு வழக்கம் ஆகிவிட்டது. பொட்டு வந்தால் நான் ஹாரனை இரண்டு தரம் சுருக்காக அடிப்பேன். அவன் முன்னால் வந்து எஞ்சின் மூடிமேல் உட்கார்ந்து எனக்கு இடது பக்கத்தை வாசிப்பான். ரோட்டில் என் பாதியும் அவன் பாதியும் சேர்ந்தால் ஒரு முழு டிரைவர். வாசிப்பதில் அவனுக்குத் தேர்ச்சி வந்துவிட்டது. "மாட்டு வண்டி, சோம்பேறி மாடு… சைக்கிள்ல ஒருத்தன், பொண்டாட்டியப் பின்னால வச்சிருக்கான், அவா ஒங்களத் திட்டுதா…" என்று சிரிக்க வைப்பான். பஸ் நிறையச் சனம் எங்கள் பின்னால் தூங்கும், சண்டை போடும், பிள்ளைக்குப் பால் கொடுக்கும். அரை டிரைவரும் ஒரு குரலும் தங்களைக் கொண்டுபோவது அவர்களுக்குத் தெரியாது. சிரித்துக்கொண்டே ஓட்டுவேன், முதுகுச் சட்டை மட்டும் நனைந்து ஒட்டிக்கொள்ளும்.

முதலாளியிடம் போனேன். டிப்போவில் டயர் மாற்றுகிற வேலை தாருங்கள், சம்பளம் குறைந்தாலும் சரி என்றேன்.

"ஏன்டே? கொடை குடுத்தாச்சு. டாக்டரும் கண்ணு நல்லா இருக்குன்னுட்டாரு. கயிறு கட்டியிருக்க. இதுக்கு மேல ஒனக்கு என்ன செய்யணும்? சீசன்ல டிரைவருக்கு நான் எங்கன போவேன்?" என் தோளில் தட்டினார். "மனப்பிராந்தி. விடு."

அடுத்த வருஷம் சாரல் வந்தது. பிச்சுமணிக்கு டைபாய்டு வந்து படுத்துவிட்டான். அவன் இடத்துக்கு வந்த புதுப் பையன் படியைவிட்டு நகராமல், விசிலை மட்டும் நன்றாக ஊதினான். ஒரு வாரம் ஒன்றும் வரவில்லை. ஒவ்வொரு மரத்துக்கும் பயந்துகொண்டே ஓட்டினேன். வெயில் அடித்தால் ஒரு கையால் முகத்தை மறைத்துக்கொண்டு ஓட்டினேன். தூங்காமல் கிடந்தேன், தூங்காவிட்டால் வரும் என்று டாக்டர் சொன்னது ஞாபகம் வந்து அந்தப் பயத்தில் இன்னும் தூங்காமல் கிடந்தேன்.

அப்போதுதான் முதலாளி ஆளனுப்பினார். மறுநாள் தென்காசிப் பெண்கள் பள்ளிக்கூடத்திலிருந்து ஐந்தருவிக்கு உல்லாசப் பயணம். நம் வண்டிதான், நான்தான் டிரைவர். போக காலையில், வர சாயங்காலம்.

வீட்டுக்கு வந்தால் என் மூத்த மகள் நாச்சியார் பாவாடையை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். அவள் வகுப்புதான் போகிறது.

"அப்பா, நான் ஒங்க பக்கத்து சீட்டு. எல்லாருட்டயும் சொல்லியாச்சு."

மங்களேஸ்வரி அடுக்களையிலிருந்து, "ராத்திரியே புளியோதரைக்குக் காய்ச்சி வச்சிருதேன். நீங்களும் வேளைக்குத் தின்னுங்க, அப்பதான் தலைவலி வராது" என்றாள்.

நான் சட்டையைக்கூட மாற்றாமல் திரும்பிச் சைக்கிளை எடுத்தேன். மேலகரம் தாண்டி மருதமரத்தடிக்குப் போனேன். வெயில் இன்னும் இருந்தது. பேச்சித்தாய் பீடத்தைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தாள். கைலாசம் தகரக் கூரையின் நிழலில் கம்பைப் பக்கத்தில் சாத்திவைத்துவிட்டுத் திரி திரித்துக்கொண்டிருந்தார்.

"என்ன வே, வண்டி இல்லாம வந்திருக்கீரு?"

"பூக்கட்டிப் பாக்கணும்."

எங்கள் பக்கத்தில் மனுஷன் தீர்க்க முடியாததை இப்படித்தான் சாமியிடம் விடுவது. ஒரு இலைத்துண்டில் வெள்ளைப் பூவும் மற்றொன்றில் சிவப்புப் பூவும் வைத்துப் பொட்டலம் கட்டி, சாமி காலடியில் குலுக்கிப் போட்டு, ஒன்றை எடுப்பது. சாமி தருவது எதுவோ அதுதான் தீர்ப்பு. பெண் கொடுப்பதிலிருந்து கிணறு வெட்டுவதுவரை அப்படி நடந்திருக்கிறது.

"என்னத்துக்கு?" என்றார் கைலாசம்.

"நாளைக்கு நான் வண்டிய எடுக்கலாமா, கூடாதான்னு. வெள்ளை வந்தா எடுக்கேன். சிவப்பு வந்தா, நெஜமாச் சொல்லுதேன், சாவிய முதலாளி மொகத்துல போட்டுட்டு வந்துருதேன்."

"அதே வண்டிய எடுத்துக்கிட்டுத் தினமும் இந்த வழியாத்தான போறீரு? இன்னைக்கு என்ன புதுசா?"

"நாளைக்குப் பூராவும் பள்ளிக்கூடப் பிள்ளையளு. எம்பிள்ளையும் உண்டு. பிச்சுமணி இல்ல." எஞ்சின் மூடிமேல் அவன் உட்கார்ந்து வாசிப்பதைச் சொன்னேன். சொல்லும்போதே எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. பேச்சித்தாய் கழுவுவதை நிறுத்தியிருந்தாள்.

கைலாசம் இலையைக் கிழித்தார். நந்தியாவட்டை ஒன்றில், செவ்வரளி ஒன்றில். வாழைநாரால் கட்டினார். இரண்டும் ஒரே மாதிரி இருந்தன. கையில் குலுக்கி, இசக்கியின் காலடியில் போட்டார். புதுப் பிள்ளை தன் பெரிய கண்ணால் எங்கள் மூவரையும் பார்த்துக்கொண்டிருந்தது.

"நீ எடு" என்றார் மனைவியிடம்.

ஆஸ்பத்திரியில் முகத்தைத் திருப்பிக்கொண்ட பிறகு பேச்சித்தாய் என்னிடம் ஒரு வார்த்தை பேசினதில்லை. ஈரக்கையை முந்தானையில் துடைத்துவிட்டு, கண்ணை மூடி, ஒரு பொட்டலத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அவர் நாரை அவிழ்த்தார்.

வெள்ளை.

நான் மூச்சு விட்டேன். மூச்சு விட்டேனே தவிர நெஞ்சு இறங்கவில்லை. முதலாளி சொல்லியாயிற்று, டாக்டர் சொல்லியாயிற்று, பெண்டாட்டி புளியோதரை கட்டுகிறாள், இப்போது ஆத்தாளும் சொல்லிவிட்டாள். உலகத்தில் இவ்வளவு பேர் சேர்ந்து உத்தரவு கொடுத்த டிரைவர் வேறு யாரும் இருக்க மாட்டான். "சரி. ஆத்தா சொல்லிட்டா" என்று காலடியில் திருநீறு எடுக்கக் குனிந்தேன்.

பேச்சித்தாய் என்னைப் பார்க்கவில்லை. புருஷனைப் பார்த்தாள். "இப்பவாவது சொல்லுங்க" என்றாள்.

கைலாசம் அந்த வெள்ளைப் பூவை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிறகு அதை ரோட்டில் வீசினார். கம்பைப் பிடித்து எழுந்து, ஒற்றைக் காலில் எனக்கு நேரே நின்றார்.

"ஆத்தா எதுவும் எடுக்கல வே. அவளுக்கு எதுக்கு என் காலு? வண்டிக்காரன் காசு போடுதான், எங்க கஞ்சி அதுலதான் ஓடுது, அதுனால நானும் ஆத்தா ஆத்தான்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். அன்னைக்கு வெளக்குக்கு எண்ண விட்டுட்டு நிமிந்தேன். ஒம்ம வண்டி வந்துது. நீரு நேரா என் மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு வந்தீரு. தினமும் கும்பிட்டுட்டுப் போற ஆளுதானன்னு நானும் கையக் காட்டினேன். சிரிச்சேன். ஓடியிருந்தா தப்பிச்சிருப்பேன் வே. பாத்துட்டாரு, திருப்பிருவாருன்னு நெனச்சுத்தான் நின்னேன். நாளைக்கு அந்தப் பிள்ளையளும் அப்படித்தான் நெனைக்கும். ஓட்டாதேயும். நாளைக்கும் ஓட்டாதேயும், என்னைக்கும் ஓட்டாதேயும்."